லிஃப்ட் ஏன் நின்றது? – "சரி" சொல்லாத சுவிட்சைக் கண்டுபிடிப்போம்

(அறிவியல் பகுதி)
எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி



நம் ஊரில் லிஃப்ட் கிடையாது. நம் பள்ளியிலும் மாடிப்படி மட்டும்தான். ஆனால் டவுனில் உள்ள ஆஸ்பத்திரிக்கோ பெரிய ஜவுளிக்கடைக்கோ போனால் எல்லோரும் லிஃப்டில் ஏறுகிறோம். சில நேரம் "லிஃப்ட் பழுது" என்று அட்டை தொங்கும். உடனே, "மோட்டார் போயிருக்கும்" என்றோ "கயிறு அறுந்திருக்கும்" என்றோ பேசிக்கொள்கிறோம். பெரும்பாலும் அந்த இரண்டுமே இல்லை. லிஃப்டை ஓட்டும் கண்ட்ரோல் பேனலுக்கு வர வேண்டிய ஒரு சிறு செய்தி வராமல் இருக்கும். அவ்வளவுதான்.

அந்தச் செய்தி எங்கே தொலைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நம் அறிவியல் புத்தகத்தில் உள்ள தொடர் இணைப்புப் பாடமே போதும். என் மாமா கோயம்புத்தூரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறார். அவர் சொல்லிக் கொடுத்ததையும் நான் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

1. லிஃப்டுக்குக் கண் கிடையாது

கதவு மூடியிருக்கிறதா, எந்த மாடியில் நிற்கிறோம், யார் பட்டனை அழுத்தினார்கள் என்று நமக்குக் கண்ணால் தெரிகிறது. கண்ட்ரோல் பேனலுக்கு அது எதுவும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி வருகிறது. அந்தக் கம்பியில் மின்சாரம் வந்தால் "சரி", வராவிட்டால் "இல்லை". இந்த இரண்டு வார்த்தைதான் அதற்குத் தெரிந்த மொழி. இப்படி உள்ளே வரும் செய்திக்கு "இன்புட்" என்று பெயர்.

முக்கியமான இன்புட்டுகள் இவை:

• பட்டன்கள் – மாடியிலும் கேபினுக்குள்ளும் இருப்பவை.
• மாடியைக் காட்டும் சென்சார் – பல லிஃப்டுகளில் ஒரு காந்தமும், காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு சிறு சுவிட்சும் இருக்கும்.
• கதவின் ஓரத்தில் உள்ள ஒளி சென்சார் – நடுவில் யாராவது நின்றால் கதவு மூடாமல் தடுக்கும்.
• எடை சுவிட்ச் – அதிகம் பேர் ஏறினால் சத்தம் கொடுக்கும்.
• பாதுகாப்புச் சங்கிலி – இதுதான் ராஜா. இதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

பேனலுக்குள்ளே ஒவ்வொரு இன்புட்டுக்கும் நேராக ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு இருக்கும். செய்தி வந்தால் எரியும், வராவிட்டால் அணைந்திருக்கும். மெக்கானிக் வந்தவுடன் முதலில் பார்ப்பது அந்த விளக்குகளைத்தான். டாக்டர் நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி.

2. பாதுகாப்புச் சங்கிலி

இது இரும்புச் சங்கிலி இல்லை. பல சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த ஒரு மின்சுற்று. மூன்று தளத்தில் நிற்கும் ஒரு லிஃப்டுக்கு எளிமையாக இப்படி வைத்துக்கொள்வோம்:

மின்சாரம் → (1) அடிக்குழியில் உள்ள ஸ்டாப் சுவிட்ச் → (2) வேகம் மீறினால் திறக்கும் கவர்னர் சுவிட்ச் → (3) மேலேயும் கீழேயும் எல்லை தாண்டினால் திறக்கும் லிமிட் சுவிட்ச் → (4) கேபின் கூரைமேல் உள்ள ஸ்டாப் சுவிட்ச் → (5) தரைத்தளக் கதவுப் பூட்டு → (6) முதல் மாடிக் கதவுப் பூட்டு → (7) இரண்டாம் மாடிக் கதவுப் பூட்டு → (8) கேபின் கதவு → ரிலே

எட்டும் மூடியிருந்தால்தான் கடைசியில் உள்ள ரிலேக்கு மின்சாரம் போகும். ரிலே இழுத்தால்தான் மோட்டார் ஓடும். ஒன்று திறந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும்.

ஏன் தொடர் இணைப்பு? பக்க இணைப்பில் போட்டால் என்ன ஆகும்? ஏதாவது ஒரு கதவு மூடியிருந்தாலே மின்சாரம் போய்விடும். மற்ற கதவெல்லாம் திறந்து கிடந்தாலும் லிஃப்ட் ஓடும்! அதனால்தான் "எல்லோரும் சரி சொன்னால்தான் கிளம்புவேன்" என்கிற தொடர் இணைப்பு.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். ஆபத்து வந்தால் மின்சாரம் வருகிற மாதிரி வைக்காமல், ஆபத்து வந்தால் மின்சாரம் நிற்கிற மாதிரி ஏன் வைத்தார்கள்? எலி கம்பியைக் கடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முறையில் ஆபத்துச் செய்தி வரவே வராது, லிஃப்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் முறையில் கம்பி அறுந்ததே ஒரு "இல்லை" ஆகிவிடும். லிஃப்ட் நிற்கும். தொந்தரவுதான், ஆனால் உயிர் தப்பும்.

இந்த யோசனை பழையது. 1854-ல் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர் ஒரு மேடைமேல் நின்று, உயரத்தில் தூக்கச் சொல்லி, தாங்கும் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. கயிறு இழுவையாக இருக்கும் வரை ஒரு வில் அடங்கியிருக்கும். கயிறு தளர்ந்தால் வில் விரிந்து பக்கத்துப் பல்சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். அதாவது, கயிறு போனதே பிரேக் பிடிக்கக் காரணம். அன்று கயிற்றில் செய்ததை இன்று மின்கம்பியிலும் செய்கிறார்கள்.

3. பழுது மூன்று வகை

(அ) வர வேண்டிய செய்தி வரவில்லை. கம்பி அறுந்தது, முனையில் திருகு தளர்ந்தது, சுவிட்சில் தூசி, ஃபியூஸ் போனது.

(ஆ) வரக்கூடாத செய்தி வருகிறது. பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் லிஃப்ட் அதே மாடிக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஒளி சென்சாரில் தூசி படிந்தால் "ஆள் நிற்கிறார்" என்று நினைத்துக் கதவு மூடாது.

(இ) வந்து வந்து போகிறது. இதுதான் மிகவும் கஷ்டம். மெக்கானிக் வரும்போது நன்றாக ஓடும், அவர் பஸ் ஏறியதும் நின்றுவிடும்! கேபினுக்கு அடியில் தொங்கிக்கொண்டே கூடவே போகிற கேபிள் ஒன்று உண்டு. அது தினமும் நூற்றுக்கணக்கான தடவை மடங்கி விரிகிறது. உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தால் சில உயரத்தில் ஒட்டும், சில உயரத்தில் விலகும். இதற்கு மாமா நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எந்த மாடி, எத்தனை மணி, மேலே போனபோதா கீழே வந்தபோதா, மழை பெய்ததா என்று எழுதி வைப்பார். நாலு தடவை எழுதினால் ஐந்தாவது தடவை அதுவே காட்டிக் கொடுத்துவிடும் என்பார். மழை நாளில் மட்டும் நின்றால் அடிக்குழியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்.

4. பாதியாகப் பிரித்துத் தேடு

சங்கிலியில் எட்டு சுவிட்ச். ஒன்று திறந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எட்டு இடத்துக்கும் ஏறி இறங்க வேண்டும். அதற்கு அவசியம் இல்லை.

சங்கிலியின் இடையிடையே உள்ள முனைகள் பேனலுக்கு வந்திருக்கும். மல்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பொது முனையில் (பூஜ்யம்) வைக்க வேண்டும். இன்னொரு கம்பியைச் சங்கிலியின் நடுவில், அதாவது நான்காவது சுவிட்சுக்குப் பிறகு வைக்க வேண்டும். இந்தச் சங்கிலிக்கு 24 வோல்ட் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். (சில லிஃப்டுகளில் 110 வோல்ட்கூட இருக்கும்.)

• மீட்டர் 24 காட்டினால்: முதல் நான்கும் நல்லவை. பழுது 5 முதல் 8-க்குள்.
• மீட்டர் 0 காட்டினால்: பழுது 1 முதல் 4-க்குள்.

அடுத்து மிச்சம் உள்ள நான்கின் நடுவில் வைக்க வேண்டும். பிறகு மிச்சம் உள்ள இரண்டின் நடுவில். முடிந்தது! எட்டுக்கு மூன்று சோதனை போதும். பதினாறுக்கு நான்கு, முப்பத்திரண்டுக்கு ஐந்து. சுவிட்ச் இரண்டு மடங்கானால் சோதனை ஒன்றுதான் கூடும். அகராதியில் ஒரு சொல்லைத் தேட முதல் பக்கத்திலிருந்தா புரட்டுகிறோம்? நடுவில் திறந்து முன்னேயா பின்னேயா என்று பார்க்கிறோம் அல்லவா, அதே கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் உள்ள நியான் விளக்கு 24 வோல்ட்டில் எரியவே எரியாது. மின்சாரம் இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும். சோதிக்கும் கருவி சரியானதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

5. ஆஸ்பத்திரியில் நடந்தது

போன வருஷம் எங்கள் அம்மாயியை டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டாம் மாடி வார்டு. ஒருநாள் காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது. முழங்கால் ஆபரேஷன் செய்தவர்களை எல்லாம் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர் பிடித்துப் படியில் தூக்கினார்கள். பார்க்கவே பயமாக இருந்தது. அம்மாயியைப் பார்க்க வந்திருந்த மாமாவை, லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அந்த லிஃப்டைப் பார்க்கும் கம்பெனி ஆள் வந்து சேர்ந்ததும், மாமாவும் அவருடன் போனார்.

கூட்டத்தில் ஒருவர், "எப்படியாவது ஓட வெச்சுடுங்க. ரெண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கினா ஓடுமாமே?" என்றார். மாமா, "ஓடுமுங்க. ஆனா அது எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேனலைத் திறக்கப் போய்விட்டார்.

பிறகு அவர் எனக்குச் சொன்ன கணக்கு இது. எல்லாக் கதவும் மூடியிருந்தது. நான்காவது முனையில் 24. ஆறாவது முனையில் 24. ஏழாவது முனையில் 0. மூன்றே சோதனை. ஆக, இரண்டாம் மாடிக் கதவுப் பூட்டு.

போய்ப் பார்த்தால் கதவு மூடித்தான் இருக்கிறது. சுவிட்சும் புதுசு. இங்கேதான் நிறையப் பேர் "சுவிட்ச் மோசம்" என்று கழற்றிவிடுவார்களாம். அவர்கள் கழற்றவில்லை. கதவின் அடியில் ஓடும் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஊசி மருந்துக் குப்பியின் அலுமினிய மூடி ஒன்று நசுங்கி மூலையில் ஒட்டிக் கிடந்தது. அதனால் கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மூடவில்லை. கண்ணுக்கு மூடிய மாதிரி தெரிந்தது. ஆனால் பூட்டின் கொக்கி விழவில்லை. கையால் தள்ளினால் கதவு திறந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். சுவிட்ச் பொய் சொல்லவில்லை. "கதவு பூட்டவில்லை" என்று காலையிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாம்தான் அதைப் பழுது என்று திட்டினோம். இரண்டு கம்பியை முறுக்கியிருந்தால் லிஃப்ட் ஓடியிருக்கும். கேபின் கீழே இருக்கும்போது, இரண்டாம் மாடியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளில் ஒன்று அந்தக் கதவில் சாய்ந்திருந்தால்?

அந்த மூடியை மாமா என்னிடம் கொடுத்தார். ஐந்து காசு அளவுகூட இல்லை.

6. மீட்டரும் சில நேரம் ஏமாற்றும்

இது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம்.

சில நேரம் ரிலேக்குப் போகும் கம்பியைக் கழற்றி வைத்து அளந்தால் மீட்டர் 24 காட்டும். திரும்ப மாட்டினால் ரிலே இழுக்காது. ஏன்?

ரிலே சுருளின் மின்தடை 600 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் மின்னோட்டம் = 24 ÷ 600 = 0.04 ஆம்பியர். இப்போது ஒரு சுவிட்சின் தொடுமுனையில் அழுக்கு படிந்து அதன் மின்தடை 400 ஓம் ஆகிவிட்டது. மொத்தம் 1000 ஓம். மின்னோட்டம் = 24 ÷ 1000 = 0.024 ஆம்பியர். ரிலேக்குக் கிடைப்பது 0.024 × 600 = 14.4 வோல்ட் மட்டும். மிச்சம் 9.6 வோல்ட்டை அழுக்கு தின்றுவிடுகிறது. 24 வோல்ட் ரிலேக்கு 14.4 போதாது.

கம்பியைக் கழற்றி அளக்கும்போது மட்டும் 24 காட்டியது ஏன்? அப்போது மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. ஓட்டம் இல்லாவிட்டால் அழுக்கால் தின்ன முடியாது. ஆகவே இன்புட்டை அளக்கும்போது எல்லாம் மாட்டியிருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது யாருமே பலசாலிதான், சுமையைத் தூக்கச் சொன்னால்தான் தெரியும்!

7. போடக்கூடாத கம்பி

ஒரு சுவிட்சின் இரண்டு முனைகளையும் கம்பியால் சேர்த்துவிட்டால், அந்தச் சுவிட்ச் என்ன சொன்னாலும் பேனலுக்குச் "சரி" என்றே கேட்கும். இதற்கு "ஜம்பர் போடுவது" என்று பெயர். வகுப்பில் வராத பிள்ளைக்கு இன்னொருவர் "உள்ளேன் ஐயா" சொல்கிற மாதிரி. வருகைப் பதிவேடு சரியாக இருக்கும், பிள்ளை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கதவுப் பூட்டில் ஜம்பர் போட்டு மறந்துவிட்டால் கதவு திறந்திருக்கும்போதே கேபின் நகரும். கால் வைக்கப் போனவர் குழியில் விழுவார். இப்படி உயிர் போயிருக்கிறது. அதனால் பூட்டில் கம்பி முறுக்கி லிஃப்டை ஓட விடவே கூடாது. நம் மாநிலத்தில் லிஃப்டுக்கென்றே 1997-ல் தனிச் சட்டம் வந்தது. லிஃப்ட் அமைக்கவும் இயக்கவும் உரிமம் வேண்டும், ஆய்வும் உண்டு. ஆனால் சட்டம் எல்லா நேரமும் பேனலுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. "சீக்கிரம் ஓட வையுங்க" என்று அவசரப்படுத்துகிற நாமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

8. செய்து பாருங்கள்

தேவை: டார்ச் செல் 2, டார்ச் பல்பு 2, அட்டை, டிராயிங் பின் 9, ஜெம் கிளிப் 8, கொஞ்சம் கம்பி, செல்லோடேப்.

அட்டையில் ஒன்பது பின்னை வரிசையாகக் குத்துங்கள். அடுத்தடுத்த பின்களை ஜெம் கிளிப்பால் சேருங்கள். எட்டு கிளிப்பும் எட்டு சுவிட்ச். முதல் பின்னைச் செல்லின் நேர்முனையோடும், கடைசிப் பின்னைப் பல்பு வழியாக எதிர்முனையோடும் இணையுங்கள். பல்பு எரியும். இதுதான் நம் லிஃப்ட்.

இப்போது நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள். தோழி ஒரு கிளிப்பின் முனையில் மட்டும் தெரியாமல் செல்லோடேப் சுற்றிவிட வேண்டும். பல்பு அணையும். இரண்டாவது பல்பின் ஒரு கம்பியை எதிர்முனையில் வைத்து, இன்னொரு கம்பியால் நடுப் பின்னைத் தொடுங்கள். எரிந்தால் பழுது அதற்கு அப்பால். எரியாவிட்டால் இப்பால். மூன்று தொடுதலில் பிடித்துவிடலாம். எங்கள் வகுப்பில் பதினொரு பேர் விளையாடினோம், எல்லோரும் மூன்றிலேயே பிடித்தார்கள்.

டார்ச் செல்லில் மட்டும் செய்யுங்கள். வீட்டு பிளக்கில் செய்யவே கூடாது. நிஜ லிஃப்ட் பேனலை மெக்கானிக் மட்டும்தான் தொட வேண்டும்.

9. லிஃப்டில் போகும்போது

• கதவு திறந்ததும் காலை வைக்காதீர்கள். முதலில் கேபின் வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.
• கதவுப் பள்ளத்தில் மிட்டாய்த் தாள், பாக்குப் பொட்டலம், மூடி எதையும் போடாதீர்கள்.
• மூடும் கதவைக் கையாலோ பையாலோ தடுக்காதீர்கள்.
• நடுவில் நின்றுவிட்டால் கதவை நெம்பாதீர்கள். அலாரம் பட்டனை அழுத்திக் காத்திருங்கள். கேபினில் காற்றுப் போக வழி உண்டு, மூச்சு முட்டாது.
• மெக்கானிக் வந்தால் "எந்த மாடியில், மேலே போகும்போதா கீழே வரும்போதா நின்றது" என்று சொல்லுங்கள். அதுவே அவருக்குப் பாதி வேலை.

சிந்திக்க:

1. ஒரு லிஃப்டின் சங்கிலியில் 64 சுவிட்சுகள். ஒன்று திறந்திருக்கிறது. எத்தனை சோதனையில் கண்டுபிடிக்கலாம்?
2. நம் அட்டை லிஃப்டில் தோழி இரண்டு கிளிப்பில் டேப் சுற்றிவிட்டாள். பாதிப் பாதியாகத் தேடினால் எது முதலில் சிக்கும்? செல்லுக்குப் பக்கத்தில் உள்ளதா, பல்புக்குப் பக்கத்தில் உள்ளதா? ஏன்?
3. நம் பள்ளியில் அல்லது வீட்டில், "இல்லை" என்று உண்மை சொல்லும் ஒன்றைப் பழுது என்று நாம் திட்டுவது உண்டா? ஓர் உதாரணம் எழுதுங்கள்.

விடைகளைத் தாளில் எழுதி, பெயரும் வகுப்பும் போட்டு, ஒன்பதாம் வகுப்பு ஜன்னலில் தொங்கும் அட்டைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். மூன்றாம் கேள்விக்கு வரும் நல்ல பதில்கள் அடுத்த சுவர் இதழில் வெளிவரும்.